மிச்சம் எட்டு

எங்கள் கரையில், படகு நிற்கும் இடத்தைக் கடலிலிருந்து எண்ணாகச் சொல்கிறவர்கள் கடைசியில் மிச்சத்தையும் சொல்வார்கள். இந்த வழக்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். தொண்ணூறில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் என்கிறார்கள் சிலர். அதற்கு முன்பே இருந்தது என்கிறார்கள் வேறு சிலர். ஊரின் பழைய செய்திகளைத் தேதி வாரியாக எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. தேதி தெரியாத ஒன்றை எழுத எனக்குக் கை வராது. ஆகையால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

மிச்சம் என்பது இதுதான். ஓர் எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டுவது. வந்த விடையின் இலக்கங்களை மறுபடி கூட்டுவது. ஒற்றை இலக்கம் வரும்வரை இப்படியே செய்தால் கிடைப்பது, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் எஞ்சுகிற மிச்சம். ஒன்பதே வந்தால் மிச்சமில்லை. காற்றடிக்கும் நேரத்தில் வானொலியில் ஓர் இலக்கம் விழுங்கப்பட்டாலும், ஐந்து ஆறாகக் கேட்டாலும், கரையில் எழுதுகிறவர் கூட்டிப் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். நானும் பழைய தேதிகளைப் பெயர்த்து எழுதும்போது இப்படிக் கூட்டிப் பார்ப்பேன். என் தம்பிக்கு நான் நாநா, அண்ணன்; இதைப் பார்த்துவிட்டு, நாநாவுக்கு உம்மா பெற்ற தேதியிலும் சந்தேகம் என்று சிரிப்பான்.

கடலில் ஒரு படகு நிற்கும் இடத்தைச் சொல்லப் பதின்மூன்று இலக்கங்கள் வேண்டும். அகலக்கோட்டுக்கு ஆறு, நெடுங்கோட்டுக்கு ஏழு. முதலில் பாகை, பிறகு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலை, பிறகு கலையின் தசமங்கள் மூன்று. ஜீபீஎஸ் கருவியின் திரையில் இவை இரண்டு வரியாக இருக்கும். எங்கள் ஆட்கள் புள்ளியும் இடைவெளியும் விடாமல் ஒரே மூச்சில் வாசிப்பார்கள். எழுதி முடித்ததும் அது ஒரே பெரிய முழு எண்ணாக நிற்கும். அதை எண்ணாகவே வாசித்துப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். கோடிக்கு மேலே உள்ளதெல்லாம் அகலக்கோடு. கோடிக்குக் கீழே உள்ளதெல்லாம் நெடுங்கோடு. இப்படி யாரும் திட்டமிடவில்லை. நெடுங்கோட்டுக்கு ஏழு இலக்கம் என்பதால் தானாக அமைந்தது. மீன்பிடிச் சங்கக் கட்டடத்துக் கரும்பலகையில் அப்படிப்பட்ட எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது. நான் சொல்லப்போகும் வியாழக்கிழமை வரை இருந்தது.

அது நவம்பர் மாதத்துக் கடைசி வியாழன். வருடத்தை எழுதாமல் விடுகிறேன், இதில் வருகிற எல்லோரும் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று முதல்நாள் மாலையே அறிவித்திருந்தார்கள். வாடைக்காற்று ஏறும், வெள்ளியிலிருந்து கடலுக்குப் போகவேண்டாம் என்பது அறிவிப்பு. வெள்ளி என்றுதானே சொன்னார்கள் என்று வியாழன் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தம்பி போய்விட்டான். முன்தினம் போட்ட வலை கடலில் கிடந்தது. அவனோடு அடுத்த வீட்டு மீன்பிடிகாரர் ஒருவரும் போனார்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு அவன் வானொலியில் கூப்பிட்டான். அப்போது நான் அங்கே இல்லை. சங்கத்துக் காரியதரிசி சொல்லித்தான் தெரியும். இயந்திரத்தின் தண்டு முறிந்துவிட்டது, நங்கூரம் போட்டு நிற்கிறோம், படகுக்குள் தண்ணீர் அடிக்கிறது, பற்றரி முடியப்போகிறது என்று சொல்லிவிட்டு எண்ணை வாசித்திருக்கிறான். காரியதரிசி கரும்பலகையில் எழுதினார்.

9192477941306.

மிச்சம் எட்டு என்றான் தம்பி. காரியதரிசி கூட்டினார். அறுபத்திரண்டு. ஆறும் இரண்டும் எட்டு. சரியாக இருந்தது. சரியாக இருந்ததால், அவர் சொன்னது இது: “எட்டுச் சரி. நீ இனிக் கதையாதை, பற்றரியை மிச்சம் பிடி. ஆக்களை அனுப்புறன்.” தம்பி வானொலியை நிறுத்தினான். பிறகு அது பேசவே இல்லை.

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். மிச்சம் பொருந்தினால் இரண்டாம் தரம் கேட்பதில்லை. கேட்டால் சொன்னவனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

தம்பியின் மனைவியுடைய தமையன் நாங்கள் கேட்காமலே படகை இறக்கிவிட்டார். எனக்கு மச்சான் முறை; அவருக்கும் அவருடைய தங்கைக்கும் நானும் மச்சான்தான். இந்தக் கடலில் இருபது வயதிலிருந்து ஓடியவர். இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அந்த எண்ணைத் தன் கருவியில் பதிந்துகொண்டு, எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வடமேற்கே போனார். கடற்படைக்கும் அதே எண்ணைக் கொடுத்தோம். பார்ப்பதாகச் சொன்னார்கள்.

நான் சங்கக் கட்டடத்துக்குப் போனபோது தம்பியின் மனைவி அங்கே ஒரு கதிரையில் இருந்தாள். முன்னால் வைத்த தேத்தண்ணீர் ஆடை படிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், வலையைத் தூக்கிக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் என்றாள். அவளுடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சோற்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னாள்.

கட்டடத்தின் தகரக் கூரை காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றால் வடக்கே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெள்ளை நுரைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தென்மேற்கே ஓடின. தென்மேற்கே என்ன இருக்கிறது என்று எங்கள் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள். வாடைக்காற்றில் அவற்றின் மேல் அலை உடைகிற சத்தம் நெடுந்தூரம் கேட்கும். நங்கூரம் விட்டுப்போன படகை இந்தக் காற்று அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு மச்சான் வானொலியில் வந்தார். எண் சொன்ன இடத்தில் நிற்கிறேன், ஒன்றும் இல்லை என்றார். காரியதரிசி மறுபடி எண்ணை வாசித்துக் காட்டினார். அதே எண்தான். சுற்றிப் பாருங்கள் என்றார். அவர்கள் சுற்றினார்கள். முதலில் ஒரு மைல் வட்டம், பிறகு இரண்டு மைல். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வானொலி கரகரக்கும். ஒவ்வொரு தரமும் தம்பியின் மனைவி எழுந்து நிற்பாள். ஒன்றும் இல்லை என்று கேட்டதும் உட்காருவாள். மூன்றாவது தரத்துக்குப் பிறகு அவள் எழவில்லை.

பயந்தால் எதையாவது எழுதுவது என் பழக்கம். சட்டைப்பையில் இருந்த ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துக் கரும்பலகையில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். எழுதிவிட்டு வழக்கப்படி கூட்டினேன். எட்டு. பேனையை மூடினேன். பிறகு கடதாசியையும் பலகையையும் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இல்லை. பலகையில் நெடுங்கோட்டின் கலை 41. என் கடதாசியில் 14. அவசரத்தில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். நான் எழுதிய இடம் இராமேஸ்வரத்தையும் தாண்டிப் பாம்பன் பக்கத்தில் இருந்தது. மிச்சம் மட்டும் அதே எட்டு.

கூட்டும்போது எந்த இலக்கம் முன்னே, எந்த இலக்கம் பின்னே என்பது முக்கியமில்லை. அது சிறு பிள்ளைக்கும் தெரியும். இலக்கங்கள் இடம் மாறினால் எண்ணில் உண்டாகும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும், அதனால் ஒன்பதின் மிச்சம் மாறாது என்று நான் பல புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது நல்ல வேடிக்கை என்று நினைத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் இருந்துகொண்டு அதையே நினைத்தபோது அது வேடிக்கையாக இல்லை.

ஏனென்றால் இன்னொரு கணக்கும் கூடவே ஓடியது. பதின்மூன்று இலக்கம் உள்ள எண்கள் மொத்தம் ஒன்பது இலட்சம் கோடி. அவற்றில் ஒன்பதில் ஒன்று எட்டை மிச்சம் வைக்கும். அதாவது சரியாக ஓர் இலட்சம் கோடி எண்கள். காலையில் நாங்கள் எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்ட அந்த எட்டு, இத்தனை எண்களுக்கும் பொதுவானது. என் தம்பி அவற்றில் ஒன்றில் நிற்கிறான்.

நான் காரியதரிசியிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை விட ஆறு வயது இளையவர், நாநா என்றுதான் கூப்பிடுவார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. தான் கேட்டதைத்தான் எழுதினேன் என்று சொன்னார். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீங்கள் பிழை விட்டதாக நான் சொல்லவில்லை, தம்பியும் மாற்றி வாசித்திருக்கலாம், கண்ணில் உப்புத் தண்ணீர் அடிக்கிறபோது எதையும் செய்யலாம் என்றேன். அதனால் அவர் சமாதானமாகவில்லை.

பிறகு கரும்பலகைக்கு முன்னால் நின்று, அந்த எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை ஒவ்வொரு சோடியாக மாற்றிப் பார்த்தேன். அடுத்தடுத்த இலக்கங்களைத்தான் மனிதர்கள் மாற்றுவார்கள். எட்டி நிற்கிற இரண்டை மாற்றுவது அரிது. நான் பெயர்த்து எழுதிய தேதிகளில் விட்ட பிழைகளும் அப்படித்தான் இருந்தன.

முதல் இரண்டையும் மாற்றினால் ஒன்பதாம் பாகை ஒன்றாம் பாகையாகிப் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் போய்விடும். அடுத்த இரண்டையும் மாற்றினால் கலை தொண்ணூற்றொன்றாகும். அறுபதுக்கு மேல் கலை கிடையாது. நெடுங்கோட்டின் எழுபத்தொன்பதைத் தொண்ணூற்றேழாக்கினால் பர்மாப் பக்கம். அதற்கடுத்ததை மாற்றினால் மறுபடி தொண்ணூற்றொன்று. நாற்பத்தொன்றைப் பதினாலாக்கினால் நான் கடதாசியில் போன பாம்பன். அதற்கடுத்த மாற்றம் படகைக் கிழக்கே இரண்டு மைலுக்குள் தள்ளும். அங்கே ஏற்கெனவே தேடியாயிற்று. கடைசித் தசமங்களை எப்படி மாற்றினாலும் கூப்பிடு தூரம்தான்.

எஞ்சியது ஒரே ஒரு சோடி. அகலக்கோட்டின் கலை பத்தொன்பது தசம் இரண்டு என்று எழுதியிருந்தது. அந்த ஒன்பதையும் இரண்டையும் மாற்றினால் பன்னிரண்டு தசம் ஒன்பது. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல். ஆகவே ஆறு மைலுக்குச் சற்று மேலே, நேர் தெற்கே. கரைக்குக் கிட்ட. மச்சான் எங்கள் கரையிலிருந்து சரிந்து போன வழி, அந்த இடத்துக்கு நாலு மைல் கிழக்காகப் போயிருந்தது. இந்த அலையில் நாலு மைலுக்கு அப்பால் ஒரு சிறு படகைக் காண முடியாது.

இதைக் கண்டதும் நிம்மதி வரவில்லை. ஒன்பதின் கணக்குக்கு இன்னொரு குருட்டுக்கண் இருப்பது உடனே நினைவுக்கு வந்தது. ஒன்பதுக்கும் பூச்சியத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எழுதினது ஒன்பது, சொன்னது பூச்சியம் என்றால் கலை பத்து தசம் இரண்டு. அது இன்னும் தெற்கே, இன்னும் இரண்டே முக்கால் மைல். நல்லவேளையாக இரண்டு இடமும் ஒரே நெடுங்கோட்டில் இருந்தன. நேர் தெற்கே ஓடினால் முதலில் ஒன்று, பிறகு மற்றது. இரண்டிலும் இல்லை என்றால் என்ன செய்வது என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

பதினொன்றால் வகுத்தும் பார்த்தேன். இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் அது கிடைக்கும். பதினொன்று இடமாற்றத்தைப் பிடித்துவிடும். பலகையில் இருந்த எண் பதினொன்றால் மீதமில்லாமல் வகுபட்டது. மாற்றிய எண்ணுக்கு அங்கேயும் எட்டே மிச்சம் வந்தது. அது எவ்வளவு துல்லியமாக இருந்ததோ அவ்வளவு உபயோகமில்லாமலும் இருந்தது. எங்கள் கரையில் பதினொன்றின் மிச்சத்தை யாரும் சொல்வதில்லை. தம்பி காலையில் அந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் மச்சான் வானொலியில் வந்தார். பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். நங்கூரம் இழுபட்டிருக்கும், தென்மேற்கே திட்டுகளைப் பார்த்து ஓடப்போகிறேன், அந்தப் பக்கம் ஓடித் தலைமன்னாரில் ஏறத்தான் மண்ணெண்ணெய் இருக்கிறது என்றார்.

அதில் எந்தப் பிழையும் இல்லை. கடல் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். கட்டடத்தில் கூடியிருந்த எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரையில் இன்னும் இரண்டு படகை ஆயத்தப்படுத்தினார்கள். ஆனால் எதிர்க்காற்றில் அவை போய்ச் சேர அந்தி மஃரிப் ஆகிவிடும். இருட்டில் தேடுவதில் பயனில்லை. வெளிச்சம் இருக்கும்போது கடலில் இருந்தது மச்சானின் படகு ஒன்றுதான். அதில் இருந்த எண்ணெய் ஒரு பக்கத்துக்குத்தான்.

காரியதரிசி ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்கோ நாநா. இனி என்ர வாயாலை நான் ஒரு எண்ணும் சொல்லமாட்டன்.”

நான் சொன்னேன். எண் இடம் மாறியிருக்கலாம், தென்மேற்கே போகவேண்டாம், நெடுங்கோட்டை விடாமல் நேர் தெற்கே இறங்குங்கோ, பன்னிரண்டு தசம் ஒன்பதில் பாருங்கோ, இல்லாவிட்டால் பத்து தசம் இரண்டு என்றேன். என் குரல் எனக்கே யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது.

பிறகு மச்சான்: “மிச்சம் சரி எண்டு காலைமை நீங்கள் எல்லாரும்தானே சொன்னனீங்கள்.”

“சரிதான். அது எத்தினை எண்ணுக்கும் சரியாத்தான் வரும்.”

“மச்சான், நான் கடலிலை நிக்கிறன். நீங்கள் கரும்பலகைக்கு முன்னாலை நிக்கிறியள். காத்து எங்கை தள்ளுது எண்டு என்ர முதுகுக்குத் தெரியும். நான் தெற்கை ஓடி, அவன் திட்டிலை போய் அடிபட்டால் ஆர் பதில் சொல்லுறது?”

நான் சொல்வது சரியென்றால் என் தம்பி வருவான். பிழையென்றால் அவனைக் கொன்றது கடலில்லை. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். அவனுடைய மனைவிக்குத் தெரிந்திருக்கும். என் விரல்கள் ஒலிவாங்கியின் பொத்தானில் இருந்தன. அதை அமுக்க முடியவில்லை.

தம்பியின் மனைவி எழுந்து வந்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். எது பத்தொன்பது, எது பன்னிரண்டு என்று கேட்டாள். காட்டினேன். எது கரைக்குக் கிட்ட என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

“தாழமுக்கம் எண்டு தெரிஞ்சுதான் போனவர். வலை கிட்டத்தான் கிடக்கு எண்டவர். பத்தொன்பதுக்குப் போய் வலை தூக்கிக்கொண்டு மத்தியானத்துக்கு வர ஏலுமா மச்சான்?”

ஏலாது என்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர், போகும்போது எல்லோரும் கிட்டத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள், என் மனைவியைக் கேட்டால் நான் இதுவரை கரையை விட்டே போனதில்லை என்று சொல்வாள் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் திரும்பியும் பார்க்காமல் என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள்.

“காக்கா, தெற்கை ஓடுங்கோ,” என்றாள் தமையனிடம்.

சில விநாடிகளில் இயந்திரத்தின் இரைச்சல் வானொலியில் கூடுவது கேட்டது, பிறகு தொடர்பு அறுந்தது. மச்சான் தெற்கே திரும்பினாரா, தென்மேற்கே திரும்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஆறு மைல் ஓட முக்கால் மணி நேரம் போதும். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்க்காத ஒரு மாலையை என் வாழ்நாளில் அதற்கு முன்பு நான் கழித்ததில்லை. அஸர் பாங்கு கேட்டது. சிலர் தொழப் போனார்கள். நான் போகவில்லை. போனால் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதிலிருந்து எழ முடியாது என்று தோன்றியது. கரும்பலகையின் முன்னால் நின்று மறுபடியும் மறுபடியும் இலக்கங்களை மாற்றினேன். ஒவ்வொரு தரமும் முன்பு காணாத ஒரு புதிய வழி தெரிந்தது. இரண்டு இலக்கங்கள் பிழைத்து, ஒன்று கூடி மற்றது அதே அளவு குறைந்திருந்தால்? அப்போதும் எட்டு. மூன்று இலக்கங்கள் சுழன்றிருந்தால்? எட்டு. நான் கண்டுபிடித்த அந்த ஒரே சோடி, ஒரே பிழைதான் நடந்திருக்கும், அதுவும் சாதாரணப் பிழையாகத்தான் இருக்கும் என்ற என் நம்பிக்கையின் மேல் மட்டும் நின்றது. அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. என் தம்பி சாதாரணமாகப் பிழை விட்டிருக்கவேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் யாரோ தலைமன்னார்ப் பக்கம் கடல் உடைகிறதாம் என்று சொன்னார்கள். தொலைபேசியில் கேட்டார்களாம். நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் ஈரமாக இருந்தது. என் உள்ளங்கைதான் ஈரம் என்று பிறகு தெரிந்தது.

வானொலி கரகரத்தபோது முதலில் சொல் ஒன்றும் விளங்கவில்லை. காற்று மட்டும் கேட்டது. காரியதரிசி காதை அதன்மேல் வைத்துக்கொண்டார். அவருடைய முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் கண்ணை மூடினார். அந்த முகத்தை வைத்து எது நடந்தது என்று சொல்ல முடியவில்லை, அந்த நேரத்தை நான் இப்போதும் மறக்கவில்லை.

“நிக்கிறாங்களாம்,” என்றார். “ரெண்டு பேரும் நிக்கிறாங்களாம்.”

பன்னிரண்டு தசம் எட்டில் கண்டார்கள். நங்கூரம் சற்று இழுபட்டுத்தான் இருந்தது, மச்சான் சொன்னதுபோல. ஆனால் சற்றுத்தான். படகில் முழங்கால் அளவு தண்ணீர். காலை முதல் இருவரும் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் எண்ணெய்க் கானால் அள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போகிற நேரம். நாங்கள் முச்சக்கரவண்டியில் அங்கே போய் நின்றோம்.

தம்பி கரையில் இறங்கியதும் அவனுடைய மனைவி அவனைப் பார்த்துச் சோறு ஆறிப்போச்சு என்றாள். அவனுடைய ஈரச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் பக்கத்திலிருந்த மரக்குற்றியில் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன நாநா,” என்றான், “நீங்கள்தான் கடலிலை நிண்ட மாதிரி நடுங்கிறியள்.”

யார் மாற்றினார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. பன்னிரண்டு என்றுதான் வாசித்தேன் என்கிறான் தம்பி. ஒன்பது முன்னே, இரண்டு பின்னே என்றுதான் கேட்டது என்கிறார் காரியதரிசி. தேத்தண்ணீர்க் கடையில் இருவரும் சந்தித்தால் இந்தப் பேச்சுத்தான். பதினொன்றின் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நான் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். ஆடுகிற படகில் நின்றுகொண்டு ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறதற்குள் படகு மூழ்கிவிடும் என்றார் காரியதரிசி. கூட்டம் சிரித்தது. எண்ணை இரண்டு தரம் வாசிப்பது, கரையிலிருந்து ஒரு தரம் திருப்பி வாசிப்பது என்று முடிவாயிற்று. என் யோசனையை விட அது நல்லது. ஒன்பதின் மிச்சத்தையும் விடவில்லை. பழகிப்போனதை விட மாட்டார்கள்.

ஊரில் சிலர் அதன் பிறகு என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். பள்ளிவாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, உங்கட படிப்பு ரெண்டு உசிரைக் காப்பாத்திச்சு என்றார். அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஓர் எண்ணும் ஓர் ஊகமும் இருந்தன. ஊகம் சரியாக அமைந்தது.

இதைத் தம்பியின் மனைவி மட்டும் விளங்கிக்கொண்டிருந்தாள். காற்று ஓய்ந்து ஒரு வாரம் இருக்கும், அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி முற்றத்தில் புதுத் தண்டைப் பொருத்திக்கொண்டிருந்தான். மறுநாள் கடலுக்குப் போவதாக இருந்தான். அவள் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“மச்சான், பன்னிரண்டிலையும் இல்லை, பத்திலையும் இல்லை எண்டு காக்கா சொல்லியிருந்தால், மூண்டாவதா ஒரு இடம் வைச்சிருந்தனீங்களா?”

“இல்லை,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அதை அவள் அன்றைக்கே அறிந்திருந்தாள் என்று நினைக்கிறேன், ஒலிவாங்கியை வாங்கும்போதே. முற்றத்தில் தம்பி இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். அது முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது.